ஜெர்மன் பிள்ளைக்கு 'கோ, வென்ட், கான்' சொல்லிக் கொடுக்கலாமா?

பக்கத்து வீட்டுக்காரர் தன் மகளுக்கு ஆங்கில நாஹ்ஹில்ஃபே எடுக்கக் கேட்கிறார், ஏழாம் வகுப்புப் பெண், பாஸ்ட் பார்ட்டிசிப்பிளில் (கான், சீன் போன்ற மூன்றாம் வடிவம்) தடுமாறுகிறாள், கோயம்புத்தூரில் ஆங்கிலம் நடத்திய அனுபவம் ஸ்டுட்கார்ட்டில் செல்லுபடியாகுமா அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள். நாஹ்ஹில்ஃபே என்பது நம்மூர் டியூஷன்தான். ஆனால் நம்மூரில் செய்வதுபோல வி1, வி2, வி3 பட்டியலை ஒப்பிக்கச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பட்டியல் அவள் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களிலேயே இருக்கும். அவளுடைய சிக்கல் பெரும்பாலும் அங்கே இருக்காது.

ஜெர்மனும் ஆங்கிலமும் பங்காளி மொழிகள். சிங், சாங், சங் என்று நாம் உருப்போட்டதை அவள் தன் மொழியில் சிங்கன், சாங், கெசுங்கன் என்று பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க் அப்படியே ட்ரிங்கன், ட்ராங்க், கெட்ருங்கன். முன்னால் வரும் அந்த 'கெ' பழைய ஆங்கிலத்திலும் இருந்தது, பிறகு தேய்ந்து உதிர்ந்துவிட்டது. அதனால் ஜெர்மன் வடிவத்தையும் ஆங்கில வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒத்துப்போகிறவை தானாக மனதில் நிற்கும். ஒத்துப்போகாதவற்றைத் தனியாக எடுங்கள்: கெஷ்லாஃபன் என்பது ஸ்லெப்ட், கெஹோல்ஃபன் என்பது ஹெல்ப்ட், கெவாஷன் என்பது வாஷ்ட். மனப்பாடம் இவற்றுக்கு மட்டும் போதும்.

உண்மையான சிக்கல், வடிவம் தெரிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஜெர்மன்காரர்கள் பேச்சில் 'நேற்று அவனைப் பார்த்தேன்' என்பதை 'இஹ் ஹாபே இன் கெஸ்டர்ன் கெசேயன்' என்பார்கள். ஹாபே என்றால் ஹேவ், கெசேயன் என்றால் சீன். அதை நேராக எடுத்து ஆங்கிலத்தில் வைத்தால் 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே'. யெஸ்டர்டே என்று காலத்தைக் குறித்துவிட்டால் ஆங்கிலத்தில் 'ஐ சா ஹிம்' என்றுதான் வரவேண்டும். நீங்கள் இருக்கும் தென்பகுதியில் இது இன்னும் கடினம். அங்கே பேச்சுவழக்கில் எளிய இறந்தகாலமே அபூர்வம். 'வார்' (ஆங்கில 'வாஸ்') போன்ற ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றுக்குப் பெரும்பாலும் இந்த ஹாபே அமைப்புதான்.

பள்ளியில் இதற்கு சிக்னால்வோர்ட்டர், அதாவது அடையாளச் சொற்கள், என்று ஒரு பட்டியல் தருவார்கள். யெஸ்டர்டே, அகோ, லாஸ்ட் வீக் வந்தால் எளிய இறந்தகாலம். ஜஸ்ட், எவர், யெட் வந்தால் ஹேவ் அமைப்பு. பாதிதான் உதவும் என்பது என் அபிப்பிராயம். வாக்கியத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லாவிட்டால் பிள்ளைகள் திகைத்துப் போகிறார்கள். அதைவிட வாயால் பழக்குங்கள். 'ஹேவ் யூ எவர் ஈட்டன் எ தோசை?' என்று கேளுங்கள். 'யெஸ், ஐ ஹேவ்' என்பாள். உடனே எப்போது, எங்கே, யாரோடு என்று தொடருங்கள். அந்தப் பதில்கள் எல்லாம் 'ஐ எய்ட் இட்' என்று மாறியாக வேண்டும். ஒரே உரையாடலுக்குள் ஈட்டனிலிருந்து எய்ட்டுக்கு இந்தத் தாவல் திரும்பத் திரும்ப நடக்கட்டும். எழுத்துப் பயிற்சி அப்புறம்.

அடுத்தது சைன் (ஆங்கில 'பி', அதாவது ஆம், இஸ்) வினைகள். போனேன், வந்தேன், பறந்தேன் போன்றவற்றுக்கு ஜெர்மனில் ஹாபன் வராது, 'இஹ் பின் கெகாங்கன்' என்று சைன்தான் வரும். அதனால் 'ஐ ஆம் கான் டு பெர்லின்' என்று எழுதுவாள். இன்றைய ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் ஹேவ் ஒன்றுதான் என்று ஒரு தரம் அழுத்திச் சொன்னால் போதும், சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

சொல் வரிசைக்கு அவ்வளவு சீக்கிரம் முடிவு வராது. ஜெர்மனில் பார்ட்டிசிப்பிள் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். 'ஐ ஹேவ் மை ஹோம்வொர்க் மேட்' என்று எழுதிக்கொண்டு வருவாள். வினை கடைசியில் நிற்பது நமக்குப் பழகிய விஷயம் என்பதால் அவள் ஏன் அப்படி எழுதினாள் என்பது உங்களுக்கு உடனே புரியும். பெரிய வகுப்புக்குப் போனால் இன்னொன்றும் வரும். 'நேற்று அம்மா சமைத்த சாப்பாடு' என்று நாம் எல்லாவற்றையும் பெயருக்கு முன்னால் அடுக்குகிறோமே, ஜெர்மனும் எழுத்தில் அப்படி அடுக்கும். ஆங்கிலத்தில் 'தி ஃபுட்' முதலில், 'குக்ட் பை மை மதர்' பின்னால்.

'சின்ஸ்' விஷயத்தில் உங்களையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்பதற்குப் பதில் 'ஐ லிவ் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று அவள் சொல்வாள், காரணம் சின்ஸுக்கும் ஃபாருக்கும் பொதுவாக வரும் ஜெர்மனின் 'சைட்'. நம் ஆட்களும் 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று சர்வசாதாரணமாகச் சொல்வதால் காதில் உறுத்தாமல் தப்பிவிடும்.

காசு வாங்குவதாக இருந்தால், உங்கள் தங்கும் அனுமதி அட்டையில் 'எர்வெர்ப்ஸ்டேடிக்கைட் எர்லாவுப்ட்' (சம்பாதிக்கும் வேலைக்கு அனுமதி உண்டு) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தடையில்லை, ஆனால் ஃபினான்ஸ்அம்ட்டில், அதாவது வரி அலுவலகத்தில், தெரிவிக்க வேண்டும். அப்புறம், இங்கே மதிப்பெண் தலைகீழ்: 1 சிறந்தது, 6 மோசம். 2 வாங்கினாள் என்றால் பதறாதீர்கள். முதல் நாள் அவளுடைய கடைசி கிளாசன்ஆர்பைட் (வகுப்புத் தேர்வு) விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிழையின் வகையை ஆசிரியர் ஓரத்தில் சுருக்கமாகக் குறித்திருப்பார். காலப் பிழை அதிகமா, சொல் வரிசைப் பிழை அதிகமா என்று அவளையே எண்ணச் சொல்லிவிட்டு, எது அதிகமோ அதிலிருந்து தொடங்குங்கள்.