பெஞ்சுக்காரனுக்கு பெஞ்சும் இல்லை

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், அணிகள் வரிசையாகப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் 2024 ட்ராஃப்டில் மூன்றாவது ஆளாக எடுத்த ரீட் ஷெப்பர்டை ஹூஸ்டன் ராக்கெட்ஸ் முதல் சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்தது. ஆட்டத்துக்குச் சராசரி 12.6 நிமிடம், 4.4 புள்ளி. நாலாவதாகப் போன ஸ்டெஃபான் காசில், சான் அன்டோனியோ அணியில் 26.7 நிமிடம் ஆடி, 14.7 புள்ளி எடுத்து, சிறந்த புதுமுகம் விருதையும் வாங்கிவிட்டார். உடனே "ஷெப்பர்ட் தேறமாட்டான்" என்று எல்லோரும் தீர்ப்பு எழுதினார்கள். ஆடவே விடாமல் இப்படி எடை போடுவது நியாயமா?
– ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: உட்கார வைத்தார்கள் என்கிறீர்கள். அந்தக் கொடுப்பினையாவது அவருக்கு இருந்ததா என்று கவனித்தீர்களா? என்பிஏவில் பெஞ்ச் என்பது பெஞ்சே இல்லை, மெத்தை வைத்த நாற்காலிகள். கோச், துணை கோச்சுகள், சீனியர்கள் எல்லோரும் போக மிச்சமிருக்கும் கோடியில்தான் புதுப் பையனுக்கு இடம். கோடியிலாவது நிம்மதி உண்டா? தன் அணிக்காரர் தூரத்திலிருந்து மூன்று புள்ளி ஷாட் போட்டால் துள்ளி எழ வேண்டும், துண்டைச் சுழற்ற வேண்டும். டைம் அவுட் எடுத்தால் ஆடிய ஐந்து பேரும் வந்து நாற்காலியில் சாய்வார்கள். அதுவரை உட்கார்ந்திருந்தவர் எழுந்து அவர்களைச் சுற்றி நிற்க வேண்டும். ஆக, ஆடுகிறவருக்கு ஆட்டமும் உண்டு, நாற்காலியும் உண்டு. பெஞ்சுக்காரருக்கு இரண்டும் கிடையாது. இது போதாதென்று வெளியூர்ப் பயணத்தில் சின்னக் குழந்தைகள் மாட்டும் ரோஸ் கலர் பையை முதுகில் மாட்டிவிடுவார்கள். காலையில் சீனியர்களுக்கு டோனட் வாங்கி வர வேண்டும். மறந்தால் காருக்குள் கூரை வரைக்கும் பாப்கார்னைக் கொட்டி வைக்கிற வழக்கமும் உண்டு. இத்தனை உத்தியோகமும் பார்த்துவிட்டு இரவில் 12.6 நிமிடம் ஆட வேண்டும்.

அந்த ".6"தான் எனக்கு ஆகாது. தசமப் புள்ளியோடு எனக்குள்ள பகை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். சராசரியில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் போதும், சொன்னவர் விஞ்ஞானி ஆகிவிடுகிறார். 1961-62 சீசனில் வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்கு 48.5 நிமிடம் ஆடினார். ஆட்டமே 48 நிமிடம்தான்! கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டங்களும் சேர்ந்ததால் அப்படி வந்தது. அந்த சீசன் முழுக்க அவர் வெளியே இருந்தது எட்டே நிமிடம், அதுவும் நடுவரோடு மல்லுக்கு நின்று வெளியேற்றப்பட்டதால். அறிமுக வருடமான 1959-60-இலேயே ஆட்டத்துக்கு 37.6 புள்ளி, 27 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) என்று எடுத்து, சிறந்த புதுமுகம், மதிப்புமிக்க ஆட்டக்காரர் என்று இரண்டு விருதையும் ஒரே சீசனில் வாங்கியவர். 2022-இல் என்பிஏ தன் கோப்பைகளுக்குப் பெயர் சூட்டியபோது புதுமுகக் கோப்பைக்கு இவர் பெயரைத்தான் வைத்தது. பெஞ்ச் என்ன நிறம் என்றே தெரியாத மனிதர் பெயரில் புதுமுகங்களுக்கு ஒரு கோப்பை! யாருக்கோ குசும்பு இருந்திருக்கிறது.

சரி, நியாயத்துக்கு வருகிறேன். கூடுதல் நேரத்தை விட்டுவிட்டால், ஓர் அணிக்கு ஒரு ஆட்டத்தில் இருப்பது ஐந்து பேர், 48 நிமிடம், மொத்தம் 240 நிமிடம். அதற்கு மேல் ஒரு விநாடிகூட அச்சடிக்க முடியாது. புதுமுகத்துக்கு ஒரு நிமிடம் கொடுத்தால் வேறொருவரிடமிருந்து பிடுங்கித்தான் கொடுக்க வேண்டும். எனவே "இவன் எத்தனை நிமிடம் ஆடினான்" என்பதற்கு முன்னால் "இவனுக்கு முன்னால் யார் நின்றார்கள்" என்று கேட்க வேண்டும். ஷெப்பர்டுக்கு முன்னால் நின்றவர்கள் ஃப்ரெட் வான்வ்லீட், ஜேலன் கிரீன், ஆமென் தாம்சன். அந்த அணி 52 ஆட்டம் ஜெயித்தது. காசிலின் சான் அன்டோனியோ ஜெயித்தது 34. அங்கே பிப்ரவரியில் அணியின் நட்சத்திரம் வெம்பன்யாமாவுக்கு ரத்தக்கட்டி, மார்ச்சில் டி ஆரன் ஃபாக்ஸுக்கு விரலில் அறுவை சிகிச்சை. பந்து காசில் கைக்கு வந்தது. மூன்று புள்ளி ஷாட்டில் அவர் போட்டது நூற்றுக்கு 28.5தான். அதைப் பொறுத்துக்கொள்ள அந்த அணிக்கு நேரமிருந்தது. காசிலின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தோற்கிற அணியிடம் ஏராளமாக இருக்கிற ஒரே செல்வம் நிமிடம். 2013-14-இல் மைக்கேல் கார்ட்டர் வில்லியம்ஸ் 34.5 நிமிடம் ஆடி, 16.7 புள்ளி எடுத்து இதே விருதை வாங்கினார். அவருடைய ஃபிலடெல்ஃபியா அந்த வருடம் ஜெயித்தது 19, தொடர்ச்சியாகத் தோற்றது 26. அடுத்த பிப்ரவரியில், அடுத்த புதுமுகத்துக்கு விருது கொடுப்பதற்கு முன்பே, அந்த அணியே அவரை மில்வாக்கிக்குத் தள்ளிவிட்டது. அந்த எண்ணிக்கையில் எவ்வளவு பையனுடையது, எவ்வளவு அணியின் வறுமை என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியாதா?

மூன்றாவது ஆள் ஜெயிக்கிற அணிக்கு எப்படிப் போனார் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ட்ராஃப்டின் முதல் இடங்கள் பொதுவாகத் தோற்றவர்களுக்குத்தான் போகும். ஹூஸ்டன் அதற்கு முந்தைய சீசனில் 41 வெற்றி, 41 தோல்வி. இந்த மூன்றாவது இடம் தன் நட்சத்திரம் ஜேம்ஸ் ஹார்டனை விற்றதில் புரூக்ளினிடமிருந்து வந்தது. இதே கதை 2003-இலும் நடந்தது. டெட்ராய்ட், பல வருடம் முந்தைய ஒரு வியாபாரத்தில் மெம்பிஸிடமிருந்து வந்த இரண்டாவது இடத்தில் டார்கோ மிலிசிச்சை எடுத்தது. பிறகு பெரிய நட்சத்திரங்களான கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் பாஷ், ட்வெய்ன் வேட் மூவரும் அவருக்குப் பின்னால் போனார்கள். டெட்ராய்ட் அந்த சீசனில் சாம்பியன். டார்கோ ஆடியது 34 ஆட்டம், சராசரி 4.7 நிமிடம். ஜெயிப்பது நிச்சயமானதும் அந்தக் காலத்து கோச் ரெட் அவர்பாக் பாஸ்டன் பெஞ்சில் சுருட்டுப் பற்றவைப்பார் அல்லவா? டார்கோவை "நடமாடும் வெற்றிச் சுருட்டு" என்று கூப்பிட்டார்கள். ஆட்டம் முடிந்த மாதிரிதான் என்றால் அவர் உள்ளே வருவார்.

இந்த இடத்தில் எங்கள் ஆபீஸில் இருக்கும் புள்ளிவிவர நண்பர் குறுக்கே பாய்வார். "எல்லோரும் 36 நிமிடம் ஆடியிருந்தால் என்று மாற்றிப் பார்த்தால் எல்லாம் சமமாகிவிடுமே சார்." இவரோடு எனக்கு வருடக்கணக்கில் சண்டை. மாற்றிப் பார்ப்போம். 2015-16-இல் சான் அன்டோனியோவுக்குப் புதிதாக வந்த போபன் மார்யனோவிச் 9.4 நிமிடத்தில் 5.5 புள்ளி. 36-க்கு நீட்டினால் 21. அதே அணியில் கடைசி வருடம் ஆடிய டிம் டங்கன் 25.2 நிமிடத்தில் 8.6. நீட்டினால் 12 சொச்சம். எனவே போபன் டங்கனைவிடப் பெரிய ஆள்! 67 ஆட்டம் ஜெயித்த அந்த அணியின் கோச்சுக்கு இந்தப் பெருக்கல் தெரியாமல் போய்விட்டது, பாவம். பெருக்கலில் ஒன்பது நிமிடம் முப்பத்தாறாகலாம். ஆனால் எதிரணியின் மாற்று ஆட்கள் முதல்தர ஆட்களாக மாறினால் என்ன ஆகும், அசைய நேரமெடுக்கும் அந்த ஏழடிக்காரரை வேண்டுமென்றே வெளியே இழுத்து ஓடவிட்டால் என்ன ஆகும் என்று கால்குலேட்டர் சொல்லாது.

நேர்மாறாகவும் அது ஏமாற்றும். நாலு நிமிடம் மட்டுமே தரப்படும் பையன், ஒரு தப்பு செய்தால் வெளியே என்று தெரிந்துதான் உள்ளே வருகிறான். ஒரு மணி நேரம் துண்டு சுழற்றிய கை சில்லிட்டிருக்கும். பந்து வந்தால் பயந்து அடுத்தவனிடம் தள்ளுவான், இல்லையென்றால் இதுதான் கடைசி என்று அவசரமாக எறிவான். இரண்டும் அவன் ஆட்டம் இல்லை. அதை ஒன்பதால் பெருக்கினால் பயம்தான் ஒன்பது மடங்காகும்.

நிமிடம் குறைந்தவனெல்லாம் புதைந்த வைரம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி வைரமானவர்களும் உண்டு. ஸ்டீவ் நாஷ் முதல் வருடம் 10.5 நிமிடம், 3.3 புள்ளி. பிறகு இரண்டு முறை மதிப்புமிக்க ஆட்டக்காரர். கோபி பிரையன்ட் 15.5 நிமிடம். ஜெர்மெய்ன் ஓநீல் போர்ட்லண்டில் நாலு வருடம் பெஞ்சைத் தேய்த்துவிட்டு இண்டியானாவில் ஆறு முறை ஆல் ஸ்டார், அதாவது அந்த சீசனின் சிறந்தவர்களில் ஒருவர். ஆனால் டார்கோவுக்கும் பின்னால் நேரம் கிடைத்தது. 2010-11-இல் மினசோட்டாவில் 24 நிமிடம் ஆடினார். 8.8 புள்ளி. அவ்வளவுதான்.

2017-இல் மால்கம் பிராக்டனுக்கு சிறந்த புதுமுகம் விருது கொடுத்தது சரி என்று இதே பக்கத்தில் எழுதி நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஜோயல் எம்பீட் 31 ஆட்டத்தில் 20.2 புள்ளி, பிராக்டன் 75 ஆட்டத்தில் 10.2. யார் பெரிய ஆட்டக்காரர் என்பதில் அன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை, எம்பீட்தான். ஆனால் விருது அந்த வருடம் செய்த வேலைக்கான கூலி. எடை போடுவது அடுத்த பத்து வருடத்தைப் பற்றிய ஜோசியம். விருதுப் பட்டியலை வைத்து ஜோசியம் சொல்கிறவர்களிடம்தான் உங்கள் கோபம் போக வேண்டும். கிளப்புகளும் இதில் பெரிய யோக்கியர்கள் இல்லை. முதல் சுற்றில் எடுத்தவருக்கு இரண்டு வருடச் சம்பளம்தான் உறுதி. மூன்றாவது வருடம் வேண்டுமா வேண்டாமா என்று இரண்டாவது சீசன் தொடங்கும்போதே, அக்டோபர் 31-க்குள் முடிவு செய்தாக வேண்டும். ஷெப்பர்ட் மாதிரி மூன்றாவது ஆளுக்கு இது பயமில்லை. 27, 28-ஆவது ஆளுக்கு, பெஞ்சில் நின்ற அந்த ஒரு வருடம்தான் மொத்த ஜாதகமும்.

உங்கள் ஷெப்பர்டைப் பற்றி என் அபிப்பிராயம்? அவர் கென்டக்கி பல்கலைக்கழகத்திலும் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்தவர்தான். ஆனால் அங்கே கிட்டத்தட்ட 29 நிமிடம் ஆடினார், மூன்று புள்ளி ஷாட்டில் நூற்றுக்கு 52 போட்டார். 2025 கோடையில் கிரீனை ஃபீனிக்ஸுக்கு அனுப்பினார்கள், செப்டம்பரில் வான்வ்லீட்டின் முழங்கால் போனது. முன்னால் நின்ற இருவர் இல்லை என்றதும் நிமிடம் தானாக வந்தது. ஷூட்டிங்கைப் பற்றி நான் கவலைப்படவில்லை. என்பிஏவில் குள்ளம் என்று எண்ணப்படும் ஆறடி இரண்டு அங்குலக்காரரை எதிரணி ஒவ்வொரு முறையும் தேடிப் பிடித்து, அவர் மேலேயே ஏறி ஆடுமே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். தடுப்பாட்டத்தை வைத்தே அணியைக் கட்டிய கோச் இமே உடோகாவுக்கும் முதல் வருடம் அதே சந்தேகம்தான் இருந்திருக்கும். அந்த 12.6 ஷெப்பர்டின் ஷூட்டிங்குக்குப் போட்ட மார்க் என்று ஹூஸ்டனில் எத்தனை பேர் படித்தீர்களோ!