பதுங்குவதும் பதுக்குவதும்: பெங்களூரு வாசகர் கேள்விகள்

'பதுங்கு', 'ஒளி' இரண்டும் ஒன்றுதானே? (அல்சூர் வாசகர்)

இல்லை. ஒளிபவர் பிறர் கண்ணில் படாமல் இருந்தால் போதும், நிமிர்ந்தே நிற்கலாம். பதுங்குவதில் உடம்பு குறுக வேண்டும். கண்ணாமூச்சி ஆட்டத்தில் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒளிகிறார்கள். பன்னேர்கட்டா பக்கம் சிறுத்தை வந்தால் அது புதரில் பதுங்குகிறது. வயிறு தரையில் படிய, காலை மடக்கி, நேரம் பார்த்திருக்கிறது. 'புலி பதுங்குவது பாய்வதற்கே' என்ற பழமொழியில் 'ஒளிவது' என்று மாற்றிப் பாருங்கள், வேகமே போய்விடும். வள்ளுவர் இந்த இடத்தில் 'ஒடுக்கம்' என்கிறார்:

ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர்
தாக்கற்குப் பேருந் தகைத்து (486)

மோதுவதற்காகவே பின்வாங்கும் ஆட்டுக்கடா அது. ஒடுக்கத்தைக் கோழைத்தனமாக அவர் பார்க்கவில்லை. இந்தக் குறள் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அரிசிப் பதுக்கலுக்கும் இதற்கும் உறவு உண்டா? (சிவாஜிநகர்)

நெருங்கிய உறவு. அடங்கு–அடக்கு, ஒதுங்கு–ஒதுக்கு போலப் பதுங்கு–பதுக்கு. தானே செய்தால் தன்வினை, இன்னொன்றைச் செய்வித்தால் பிறவினை. அதனால் 'வியாபாரி மூட்டைகளைப் பதுங்கினார்' என்று எழுதினால் பிழை. புறநானூற்றின் 264ஆம் பாட்டில் 'பதுக்கை' வருகிறது, கற்குவியல் என்று பொருள். பரல் (சிறு கல்) நிறைந்த நிலத்தில் பதுக்கை சேர்த்து, வீரனின் பெயர் பொறித்துக் கல் நட்டதைச் சொல்லும் பாட்டு. பேகூர் நடுகற்களைப் பார்க்கப் போகிறவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

'மீட்டிங்கிலிருந்து பதுங்கி வந்துட்டேன்' சரியா? (ஒயிட்பீல்டு)

'நழுவி வந்துட்டேன்' என்பதே சரி. நாற்காலிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து வந்திருந்தால் மட்டும் 'பதுங்கிப் பதுங்கி' பொருந்தும்.

'பம்முறான்' என்பது கொச்சையா? (ஸ்ரீராமபுரம்)

பேச்சு வழக்கு. கொச்சை என்று ஒதுக்க மாட்டேன். மேலதிகாரி முன் திடீரென்று சாதுவாகிவிடுபவரைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எது?

என் மருமகள் யாழ்ப்பாணத்துக்காரி. 'பங்கர்' என்பதைப் 'பதுங்குகுழி' என்கிறாள். அதில் பாய்ச்சல் எங்கே இருக்கிறது? (கே.ஆர்.புரம்)

இல்லைதான் அம்மா. பாய்ச்சல் பழமொழிப் புலிக்கு உரியது. சொல்லின் அடிப்படை உடலைக் குறுக்குவதே. ஷெல்லடியின்போது உயிர் தப்பக் குடும்பத்தோடு குந்தியிருக்க, வீட்டு வளவிலேயே மக்கள் வெட்டிக்கொண்ட குழி அது. உங்கள் மருமகள் மிகச் சரியாகப் பேசுகிறார்.