தொங்கும் முத்துச் செடி மழையில் அழுகினால்

மும்பை செம்பூர் பால்கனியில் தொங்கும் ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ் ஜூலை மழையில் கூழாகி உதிர்கிறது, தினமும் தண்ணீர் விடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தக் குவளையைக் கீழே வையுங்கள்! தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலத்துச் செடி அது. நீரை உருண்டை இலைகளிலேயே சேமித்துக்கொள்ளும். மும்பை மழைக்காலத்தில் காற்றே ஈரம், தொட்டி மண் எளிதில் காயாது. நானும் இரண்டு செடிகளுக்கு இப்படித் தண்ணீர் ஊற்றியே காரியம் முடித்தவன்தான்.

கூழான பகுதியை வெட்டி எறியுங்கள். உறுதியான கொடிகளை 4 அங்குலமாக நறுக்கி, வெட்டுவாய் இரண்டு நாள் காயட்டும். பிறகு பெர்லைட்டும் (நீர் தேங்காமல் வடிய உதவும் லேசான வெள்ளைத் துகள்கள்) பருமணலும் தாராளமாகக் கலந்த மண்ணில், ஆழமில்லாத தொட்டியில், சுருட்டி மேலே படுக்க வையுங்கள். புதைக்க வேண்டாம், கணுக்களிலேயே வேர்விடும். சாரல் படாத, வெளிச்சமான சன்னலோரம் போதும். மண் முழுக்கக் காய்ந்து முத்துகளும் லேசாகச் சுருங்கினால் மட்டும் தண்ணீர். வீட்டில் பூனை இருந்தால் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், அந்த முத்துகள் நச்சு.