மாடிப்படியில் கரண்ட் இல்லாத பிளக் பாயிண்ட்: யார் பொறுப்பு?

கேள்வி: டோக்கியோவின் எடோகவா பகுதியில், 14 மாடிக் கட்டடத்தில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். இந்த வருடம் உரிமையாளர் சங்க நிர்வாகக் குழுவில் நானும் இருக்கிறேன். 11ஆவது மாடியிலிருந்து மேலே, மாடிப்படி ஓரமாக, சிவப்பு விளக்கோடு தீயணைப்பு வீரர்களுக்கான அவசர பிளக் பாயிண்ட் பெட்டிகள் உள்ளன. 12ஆவது மாடிப் பெட்டியில் கரண்ட் இல்லை என்று சோதனைக்கு வந்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "யாரும் தொடாத பெட்டிதானே, அப்புறம் பார்க்கலாம்" என்கிறது குழு. 11ஆவது மாடிக்காரர் ஒருவரோ அதில் மின்சார சைக்கிளுக்குச் சார்ஜ் போடுகிறார். நாளை ஏதாவது ஆனால் என் தலையில் விழுமா?

பதில்: விழலாம். உங்கள் ஒருவர் தலையில் மட்டும் அல்ல, உரிமையாளர்கள் அத்தனை பேர் தலையிலும்.

வழக்கமான 30 மீட்டர் ஏணி வண்டி ஏறக்குறைய பத்தாவது மாடி வரைதான் எட்டும். அதற்கு மேல் வீரர்கள் படியேறித்தான் வர வேண்டும். தீப்பிடித்த மாடியில் கரண்ட் போயிருக்கும், புகையில் கண் தெரியாது. விளக்குக்கும் புகை வெளியேற்றும் விசிறிக்கும் வெட்டும் கருவிக்கும் அந்தப் பெட்டிதான் கதி. அதனால்தான் 11 மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களில், 11ஆவது மாடி தொடங்கி, 100 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பைத் தனி லைனில், மாற்று மின்சார ஏற்பாட்டோடு வைக்கச் சொல்கிறது ஜப்பானியச் சட்டம். "யாரும் தொடாத பெட்டி" என்பது வாதமே இல்லை. தீப்பிடிக்கும் நாள் வரை யாரும் தொடாமல் இருப்பதற்குத்தான் அது இருக்கிறது.

தீயணைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, இதைச் சரியான நிலையில் வைத்திருக்கும் கடமையை உரிமையாளர், நிர்வாகி, குடியிருப்போர் மீது வைக்கிறது. சோதனை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. குடியிருப்புக் கட்டடம் என்றால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை தீயணைப்பு நிலையத்துக்கு அறிக்கை போக வேண்டும். அறிக்கை தராவிட்டாலும், பழுது பார்க்கச் சொல்லி வந்த உத்தரவை மீறினாலும் 3 லட்சம் யென் வரை அபராதம் அல்லது குறுகிய காலக் காவல்.

அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை சிவில் சட்டத்தின் 717ஆவது பிரிவு. கட்டடப் பராமரிப்பில் இருந்த குறையால் ஒருவருக்குச் சேதம் வந்தது என்று நிரூபணமானால், "நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம்" என்று சொல்லி உரிமையாளர் கழன்றுகொள்ள முடியாது. போதாததற்கு, பழுது என்று எழுத்தில் வந்த தாளும் உங்கள் குழுவின் கையில் இருக்கிறது.

சைக்கிள்காரர் விஷயம் சின்னதல்ல. ஜப்பானியக் குற்றவியல் சட்டம் மின்சாரத்தையும் பொருளாகவே கருதுகிறது. பொது மின்சாரத்தை அனுமதியில்லாமல் எடுப்பது திருட்டு. ஒரே லைனில் பத்துப் பெட்டிகள் வரை இருக்கலாம் என்பதால், 12இல் கரண்ட் போனதற்கு அந்தச் சார்ஜர் காரணமா என்று எலக்ட்ரீஷியனிடம் பிரேக்கர் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். படியில் சைக்கிள் நிற்பதே தனித் தவறு. 2001இல் ஷின்ஜுகுவின் கபுகிச்சோவில் 44 பேர் இறந்த தீ விபத்தில் படிக்கட்டைச் சாமான்கள் அடைத்திருந்தன. அதன் பிறகுதான் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். முதலில் சங்கத்தின் பெயரில் அவருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். கேட்கவில்லை என்றால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். போலீஸ் கடைசியில்தான்.

பழுது பார்க்கப் பொதுக்கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். இருப்பதை இருந்தபடி காப்பாற்றும் வேலை இது. சங்க விதி தடுக்காதவரை, அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின் 18ஆவது பிரிவுப்படி உரிமையாளர் ஒருவரே செய்யலாம். செலவு எல்லோருக்கும் பங்குப்படி. இந்த வாரமே சங்கத் தலைவருக்கு எழுதுங்கள், சோதனைத் தாளின் நகலை இணையுங்கள். குழு மறுத்தால், அந்த மறுப்பையும் நீங்கள் எதிர்த்ததையும் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.