நாடு விட்டுப் போன மிலியுகோவ்: கேள்வி பதில்

கேள்வி: ரஷ்ய தாராளவாத அரசியல்வாதியும் வரலாற்றாளருமான பாவெல் மிலியுகோவ் பிறந்த நாள் ஓரிடத்தில் 1859 ஜனவரி 15, வேறிடத்தில் 27. எது சரி?

பதில்: இரண்டும் சரி. 1918 பிப்ரவரி வரை ரஷ்யாவில் ஜூலியன் நாள்காட்டிதான். இன்றைய கிரெகோரியன் தேதி வேண்டுமானால் 19-ஆம் நூற்றாண்டுத் தேதியோடு 12, 20-ஆம் நூற்றாண்டுத் தேதியோடு 13 கூட்டிக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு 13 கூட்டினால் பிறந்த நாள் 28 ஆகிவிடும். 'இது முட்டாள்தனமா, துரோகமா?' என்று ஜார் அரசைச் சாடி டூமாவில் (ரஷ்ய நாடாளுமன்றத்தில்) அவர் கேட்டது 1916 நவம்பர் 1; நம் கணக்கில் 14.

கேள்வி: பாரிஸ் போனபின் சொந்தக் கட்சியான கேடெட்டுகளே (அரசியலமைப்பு ஜனநாயகக் கட்சியினரே) ஏன் அவரோடு முறுக்கிக்கொண்டார்கள்?

பதில்: 1920 நவம்பரில் போல்ஷ்விக்குகளை எதிர்த்துப் போரிட்ட வெள்ளைப் படைத் தளபதி ராங்கலின் படை கிரிமியாவைக் காலி செய்தது. வெளியிலிருந்து படையெடுத்து போல்ஷ்விக்குகளை வீழ்த்தும் கதை அதோடு முடிந்தது என்றார் மிலியுகோவ். குடியரசை ஏற்போம், நிலம் விவசாயிகளிடமே இருக்கட்டும், சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சியோடு கைகோப்போம்: இதுதான் அவருடைய 'புதிய தந்திரோபாயம்'. முடியாட்சியை மீட்கக் கனவு கண்டவர்களுக்கு இது துரோகம். 1921-இல் கட்சி உடைந்தது.

கேள்வி: 1922 பெர்லின் துப்பாக்கிச் சூட்டில் குறி, கேடெட் தலைவர்களில் ஒருவரான நபோகோவா, மிலியுகோவா?

பதில்: மிலியுகோவ்தான். மார்ச் 28, பில்ஹார்மோனி அரங்கம். அவர் உரையை முடித்த வேளையில் முடியாட்சி ஆதரவாளன் ஷபெல்ஸ்கி-போர்க் சுட்டான், குறி தவறியது. விளாதிமிர் திமித்ரியெவிச் நபோகோவ் பாய்ந்து அவனைப் பிடித்து அமுக்கினார். அவனுடைய கூட்டாளி தபோரிட்ஸ்கி பின்னாலிருந்து நபோகோவைச் சுட்டுக் கொன்றான். மிலியுகோவுக்குக் கீறல்கூட இல்லை. புதிய தந்திரோபாயத்தை நபோகோவ் ஏற்கவே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நாவலாசிரியர் நபோகோவின் அப்பா இவர். பெயர் ஒன்றாக இருப்பதால் தேடும்போது குழப்பம் வரும், தந்தைவழிப் பெயரைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். மகன் விளாதிமிரொவிச்.

கேள்வி: கடைசியில் ஸ்டாலின் பக்கம் சாய்ந்துவிட்டாரா?

பதில்: ஹிட்லருக்கு எதிராக ரஷ்யாவின் பக்கம். போல்ஷ்விக் ஆகிவிடவில்லை, ஆனால் புரட்சி கட்டியெழுப்பிய அரசையும் படையையும் மறுக்க முடியாது என்று எழுதினார். என் பார்வையில் அதில் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டார். 1943 மார்ச் 31, பிரான்ஸின் எக்ஸ்-லெ-பேனில் காலமானார்.

கேள்வி: அவருடைய நாடுகடந்த வாழ்க்கையை அறிய நினைவுக்குறிப்புகள் போதுமா?

பதில்: போதாது. அவை 1917-ஓடு நின்றுவிடுகின்றன. 1921 மார்ச் முதல் 1940 ஜூன் வரை அவர் ஆசிரியராக இருந்த பாரிஸ் நாளிதழ் 'போஸ்லெத்னியே நோவொஸ்தி'யின் பழைய இதழ்களைத்தான் புரட்ட வேண்டும். வரலாற்றாளரைத் தேடுகிறீர்கள் என்றால், ரஷ்யப் பண்பாட்டு வரலாறு பற்றிய கட்டுரைகளை 1930-களில் பாரிஸில் அவரே திருத்தி வெளியிட்ட பதிப்பை எடுங்கள். பழைய பதிப்பு வேண்டாம்.