பெருந்தொற்றுக்குக் காப்பீடு எடுத்தால் போதாதா?

பெருந்தொற்றுக்கும் உலக அளவில் காப்பீடு எடுத்து வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். உலக வங்கி அதைச் செய்து பார்த்துவிட்டது. 2017இல் 32 கோடி டாலருக்குப் பத்திரங்கள் விற்றது. தொற்று வராவிட்டால் முதலீட்டாளருக்கு நல்ல வட்டி. வந்தால் அசல் ஏழை நாடுகளுக்குப் போகும்.

சிக்கல் நிபந்தனைகளில் இருந்தது. 2018இல் காங்கோவில் தொடங்கிய எபோலாவில் 2,200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் இன்னொரு நாட்டிலும் குறைந்தது 20 பேராவது இறந்திருக்க வேண்டும் என்பது விதி. பத்திரப் பணத்தில் ஒரு காசுகூட வரவில்லை. எனக்கு இது இன்னும் ஆறவில்லை. கொரோனாவுக்குச் சுமார் 19.6 கோடி டாலர் கிடைத்தது, 64 நாடுகளுக்கு. அதுவும் 2020 ஏப்ரல் நடுவில்தான் முடிவானது.

சாவு எண்ணிக்கை ஏறிய பிறகு திறக்கும் பணம் தடுப்புக்கு உதவாது. ஆய்வகத்துக்கும் கண்காணிப்புப் பணியாளர் சம்பளத்துக்கும் நோயில்லாத நாளில்தான் பணம் வேண்டும். அப்புறம், ஒரு நாடு கிருமியை முளையிலேயே கிள்ளினால் பலன் எல்லோருக்கும், செலவு மட்டும் அதற்கு. அதனால் அடுத்தவர் கொடுக்கட்டும் என்று இருந்துவிடுகிறார்கள். 2022இல் தொடங்கிய பெருந்தொற்று நிதியம் முன்கூட்டியே மானியம் தருகிறது, சரியான வழிதான். ஆனால் ஆண்டுக்குக் கூடுதலாக 1,050 கோடி டாலர் சர்வதேச நிதி தேவை என்பது கணக்கு. நிதியத்தின் முதல் சுற்று மானியமோ 33.8 கோடி டாலர்தான்.