“பணம் கொடுத்தால் என் மகளை வேறு கல்லூரிக்கு மாற்ற முடியுமா?”

கேள்வி: நான் பேருந்து நடத்துநர். என் மகள் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.எஸ். மகப்பேறு முதலாம் ஆண்டு படிக்கிறாள். துறைத் தலைவர் அம்மா ரொம்பக் கண்டிப்பு. எல்லோர் முன்னாலும் கேஸ் ஷீட்டை வீசுகிறாராம். “தீசிஸில் கையெழுத்துப் போட மாட்டேன், பெயிலாக்கிவிடுவேன்” என்கிறாராம். மகள் போனில் தினமும் அழுகிறாள். பணம் கொடுத்தால் வேறு கல்லூரிக்கு மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பி.ஜி. படிப்பில் சேர்ந்தபிறகு ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாற விதியே இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் இதை முழுவதுமாகத் தடை செய்திருக்கிறது. “டெல்லியில் ஆள் இருக்கிறது”, “யுனிவர்சிட்டியில் பேசிவிட்டேன்” என்று யார் சொன்னாலும் பொய். முன்பணம் வாங்குவார்கள், ஏதோ ஒரு விண்ணப்பத்தின் நகலைக் கையில் கொடுப்பார்கள், அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள். பிள்ளை அழும் வீட்டைத் தேடி வரும் கூட்டம் இது. இப்படி நகையை அடகு வைத்து ஏமாந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், பணம் அனுப்பிய ஆதாரத்தோடு நாளைக்கே காவல் நிலையத்துக்குப் போங்கள்.

சரி, அந்த அம்மா ஏன் அப்படி நடந்துகொள்கிறார்? தமிழ்நாட்டில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அந்த மரணம் தணிக்கைக்குப் போகும். எத்தனை மணிக்கு வந்தார், யார் பார்த்தார், ரத்தம் எப்போது ஏற்றினீர்கள் என்று ஒவ்வொன்றையும் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர் சீஃப், அதாவது துறைத் தலைவர். அந்தப் பயம் கேஸ் ஷீட் மேல் கோபமாக இறங்குகிறது. கேஸ் ஷீட்டை வீசுவது தவறுதான். ஆனால் ரவுண்ட்ஸுக்கு அரைமணி நேரம் முன்னால் போய், ஒவ்வொரு தாயின் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம், ரத்தப் பிரிவு நான்கையும் நோட்டில் எழுதி வைத்திருக்கும் பி.ஜி. மாணவர் பாதித் திட்டிலிருந்து தப்பிவிடுவார்.

இதைவிட முக்கியம், பயந்துகொண்டு எதையும் மறைக்கக் கூடாது. என் யூனிட்டில் ஓர் இரவு இரண்டு மணிக்குப் பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்தது. என்னை எழுப்பினால் திட்டுவேன் என்று பயந்து, அந்தப் பி.ஜி. மூன்றரை மணிக்குத்தான் போன் செய்தார். தாய் பிழைத்தார், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. ராத்திரி போன் செய்ததற்காக அதன்பிறகு நான் யாரையும் திட்டியதில்லை. சீனியர் பி.ஜி., உதவிப் பேராசிரியர், சீஃப் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகச் சொல்லுங்கள். கூப்பிட்ட நேரத்தைக் கேஸ் ஷீட்டில் குறித்தும் வைக்கட்டும்.

“பெயிலாக்குவேன்” என்பதில் முக்கால்வாசி மிரட்டல். செய்முறைத் தேர்வில் நான்கு தேர்வாளர்கள் இருப்பார்கள், அதில் குறைந்தது இருவர் வெளியிலிருந்து வருவார்கள். தீசிஸ் கையெழுத்துதான் அவர் கையில் இருக்கும் நிஜமான அதிகாரம். அதற்கு ஒரே வழி, தகவல் சேகரிப்பை இப்போதே தொடங்கி, மாதம் ஒருமுறை தீசிஸுக்கு வழிகாட்டும் பேராசிரியரான கைடிடம் காட்டி, லாக் புக்கில் (செய்த வேலையைப் பதியும் குறிப்பேட்டில்) தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டே வருவது. தீசிஸ் எழுதித் தருகிறோம் என்று விடுதி வாசலிலேயே விசிட்டிங் கார்டு கொடுப்பார்கள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஒரே தீசிஸை நாலு பேருக்கு விற்பார்கள். அடுத்தவர் எழுத்தைத் திருடியதா என்று பார்க்கும் சோதனையில் மாட்டுவது உங்கள் மகள்தான், விற்றவன் இல்லை.

சீஃப் சொல்வதைச் செய்யட்டும், எதிர்த்துப் பேச வேண்டாம். ஒன்றைத் தவிர. நடக்காததை நடந்ததாக எழுதச் சொன்னால் எழுதக் கூடாது. பார்க்காத நேரத்தில் பார்த்ததாக, வாங்காத ஒப்புதலை வாங்கியதாக, நேற்றைய தேதி போட்டு இன்றைக்கு எழுதுவதாக எதுவும் கூடாது. “எல்லோரும் செய்வதுதான்” என்பார்கள். விசாரணை வந்தால் அந்தக் கையெழுத்துக்கு உங்கள் மகள் மட்டும்தான் பொறுப்பு. விடுபட்டதை எழுத வேண்டுமென்றால் இன்றைய தேதியும் நேரமும் போட்டு, ‘பின்னர் எழுதியது’ என்று குறித்தே எழுதட்டும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். இதில் மட்டும் பணிந்துபோகக் கூடாது.

தூக்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அழுகையில் பாதி அதனால்தான். 1992-இல் மத்திய சுகாதார அமைச்சகம், மருத்துவமனையில் தங்கிப் பயிலும் ரெசிடென்ட் மருத்துவர்களுக்குத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று உத்தரவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 பி.ஜி. விதிகளில் ‘நியாயமான வேலை நேரம்’ என்று மட்டும் இருக்கிறது. எத்தனை மணி என்று எழுத ஏன் அவர்களுக்குக் கை வரவில்லை? 2024-இல் ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று பரிந்துரைத்தது. எந்த லேபர் வார்டில் இதைப் பின்பற்றுகிறார்கள்? 24 மணி நேரம் தூங்காத பிள்ளையை நிற்க வைத்துத் திட்டிவிட்டு, ‘இந்தத் தலைமுறைக்குத் தாங்கும் சக்தி இல்லை’ என்று பேசுகிற இந்த அமைப்பைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. வருடத்துக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு அந்த 2023 விதிகளில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தே கேட்கட்டும்.

அவமானப்படுத்துவது தொடர்ந்தால் தேதி, நேரம், உடனிருந்தவர்கள் என்று குறித்துவைத்து டீனிடம் எழுத்தில் கொடுக்கலாம். சீனியர்களும் சேர்ந்து துன்புறுத்தினால் ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. சாப்பாடு இறங்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கே பஸ் ஏறிப் போய் மகளைப் பாருங்கள். மனநல உதவி எண் 14416-க்கு இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். அந்த நிலையில் சீட்டா பிள்ளையா என்று யோசிக்கவே வேண்டாம். மற்றபடி சீட்டை விடும் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். சேரும்போது கையெழுத்திட்ட பாண்டில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று இருக்கும், அதை எடுத்துப் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.